எல்லை தாண்டும் நீருக்கு ஒரே தரவேடு: அறிவியல் நிதிக்கு விண்ணப்பிக்க முழுமையான வழிகாட்டி

மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் ஆழியாறு சித்தூர்ப்புழையாகிவிடுகிறது. ஆறு ஒன்றாக இருந்தாலும் அதன் கணக்கு எழுதப்படுவது இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளில், இரண்டு மொழிகளில், இரண்டு அலகுகளில். இந்தப் பதிவுகளை ஒன்றிணைத்து, உழவருக்கும் ஆய்வாளருக்கும் பயன்படும் தரவேடாக மாற்ற அறிவியல் முகமைகளிடம் நிதி கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி ஆசிரியர், சிறிய ஆய்வு மையம், உழவர் சங்கத்தோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும் பொள்ளாச்சிப் பக்கமும் இத்தகைய விண்ணப்பங்களில் நானும் உழைத்திருக்கிறேன். புதியவர்கள் எழுதியவற்றைப் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை தொழில்நுட்பக் குறையால் விழவில்லை, வேலைகளின் வரிசை தவறியதால் விழுந்தன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். விண்ணப்பப் படிவம் ஐந்தாவது படிக்குப் பிறகுதான் உங்கள் கைக்கு வர வேண்டும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“ஒருங்கிணைந்த நீர்த் தரவுத் தளம் உருவாக்குதல்” என்பது கேள்வி அல்ல. மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது, தளம் வந்தபின் யார் எதை வேறுவிதமாகச் செய்வார்கள் என்பதை. அதற்கு விடை இல்லாத விண்ணப்பத்தில் மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் ஏறாது.

நாங்கள் எழுதிய கேள்வி இது: மணக்கடவில் வரத்து குறைந்த வாரங்களுக்குப் பிறகு கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் கிணற்று நீர்மட்டம் எத்தனை நாளில் இறங்கத் தொடங்குகிறது?

இந்த ஒரு வாக்கியமே தேவையான தரவுகளைச் சொல்லிவிடுகிறது: அன்றாட வரத்து, வாரந்தோறும் கிணற்று மட்டம், மழை, வாய்க்கால் திறந்து மூடிய நாட்கள். பயிர்ப் படம், மண் ஆய்வு, ட்ரோன் எதுவும் இதில் இல்லை. கேள்வி கேட்காத தரவைச் சேர்த்தால் செலவு ஏறும், அனுமதிக் கடிதங்கள் பெருகும், காலம் நீளும். பட்டியல் நீளமாக இருந்தால் கனமாகத் தெரியும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு அது குழப்பமாகத்தான் தெரிகிறது.

2. தரவு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: என்ன தரவு, யாரிடம் உள்ளது, எந்த வடிவில், கொடுக்க யாருக்கு அதிகாரம். கடைசிப் பத்திதான் பலருக்கும் தெரிவதில்லை. பிரிவு அலுவலகத்தில் இருக்கும் இளம் பொறியாளர் மனமுவந்து “தருகிறேன்” என்பார். கையெழுத்திடும் அதிகாரம் செயற்பொறியாளருக்கோ அதற்கும் மேலே உள்ளவருக்கோ இருக்கும்.

பொதுவில் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ப்புழை சேரும் பாரதப்புழையின் படுகையில் மத்திய நீர் ஆணையத்துக்கு அம்பராம்பாளையம், புதூர், மங்கரை, புலாமந்தோள், கும்பிடி ஆகிய இடங்களில் அளவை நிலையங்கள் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைகளின் நீரோட்டத் தரவுக்கு இருக்கும் கட்டுப்பாடு நம் தென்னக ஆறுகளுக்கு இல்லை. மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். இணையதளத்திலேயே பார்க்கலாம். கையில் கிடைப்பதற்கு மனு எழுதி மூன்று மாதம் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது மாநிலத் துறைகள். கேரளப் பக்கம் நீர்ப்பாசனத் துறை, நிலத்தடி நீர்த் துறை; தமிழ்நாட்டுப் பக்கம் நீர்வளத் துறை. மூன்றாவது வட்டத்தில் இருப்பவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கிருஷி பவன் (கேரளத்தின் உள்ளூர் வேளாண் அலுவலகம்), பாடசேகர சமிதி (நெல்வயல் உழவர் குழு), தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாசன சங்கங்கள், மழைமானி வைத்திருக்கும் பள்ளிகளும் தோட்டங்களும். வாய்க்காலில் தண்ணீர் உண்மையில் எந்த நாள் வந்தது என்பதை ஒரு பாடசேகர சமிதிச் செயலாளரின் குறிப்பேட்டில்தான் நாங்கள் கண்டோம். துறைப் பதிவில் இருந்தது மதகு திறந்த நாள். இரண்டுக்கும் நடுவே நான்கு நாள் இடைவெளி இருந்தது.

சம்மதக் கடிதத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையான தரவு, திட்டத்துக்குள் மட்டும் பயன்படுத்தவா அல்லது பொதுவில் வெளியிடவா, யார் பெயரைக் குறிப்பிட வேண்டும். “ஒத்துழைப்பு நல்குவோம்” என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. ஒரு விண்ணப்பத்தில் நாங்கள் அப்படிப்பட்ட கடிதத்தை வைத்தே முன்னேறினோம். கடிதம் தந்த அதிகாரி இடமாற்றலாகிப் போனார். வந்தவர் வெளியிட அனுமதி இல்லை என்றார். தரவைப் பொதுவில் வைப்போம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த பகுதி முழுவதும் பயனற்றுப்போனது.

ஆகவே கடிதம் அதிகாரியின் பெயருக்கு அல்லாமல் பதவியின் பெயரில், கோப்பு எண்ணோடு வாங்குங்கள்.

3. ஒரே ஒரு மாதத் தரவை இணைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வெற்றி தோல்வி முடிவாவதும் பெரும்பாலும் இங்கேதான். பணம் வந்தபின் இணைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம், மூன்று இடங்கள், கையில் இருக்கும் கணினி, ஒரு விரிதாள் போதும். இரண்டு வாரம் உட்கார்ந்தால் உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல்கள் எல்லாம் வெளியே வரும். அவற்றைத்தான் விண்ணப்பத்தில் எழுதப்போகிறீர்கள்.

எங்களுக்கு வந்தவற்றைச் சொல்கிறேன்.

இடப்பெயர். “சித்தூர்” என்று தேடியதும் மென்பொருள் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட மழையைப் பாலக்காட்டுச் சித்தூரோடு சேர்த்துவிட்டது. மீனாட்சிபுரம் தென்காசிப் பக்கமும் உண்டு. கோபாலபுரம் சென்னையிலும் உண்டு. ஒரே ஊரின் பெயர் மலையாளத்தில் ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. பெயரை வைத்து எதையும் இணைக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆறு இலக்கக் கிராம எண்ணையோ, மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு எண்ணையோ முதல் பத்தியாக வையுங்கள். பெயர் மனிதர் படிக்க மட்டும் இருக்கட்டும்.

அலகு. ஒரு பக்கம் கன அடியில் எழுதுகிறார்கள், மறுபக்கம் கன மீட்டரில். ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பது 28.317 மில்லியன் கன மீட்டர். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்குக் கேரளத்துக்குத் தரவேண்டிய 7.25 டி.எம்.சி., ஏறத்தாழ 205 மில்லியன் கன மீட்டர் ஆகிறது. நொடிக்கு ஒரு கன அடி என்ற ஓட்டத்தை நாள் முழுவதற்கும் பெருக்கினால் 86,400 கன அடி. ஓட்டத்தையும் கொள்ளளவையும் ஒரே பத்தியில் கலந்து வைத்த கோப்பு ஒன்றைப் பிரிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

ஆண்டு. இந்த ஒப்பந்தத்தின் நீர் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மத்திய நீர் ஆணையத்தின் நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. அலுவலகக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. “2019-20” என்று எழுதியிருந்தால் எந்த ஆண்டு என்று கேட்காமல் தொடாதீர்கள்.

நாள். காலை 8.30 மணிக்கு அளக்கும் மழை முந்தைய 24 மணி நேரத்து மழை. வானிலைத் துறை அதை அளந்த நாளின் கணக்கில் எழுதுகிறது. எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பள்ளியில் பெய்த நாளின் கணக்கில் எழுதி வந்தார்கள். ஒரே மழை இரண்டு நாளில் பெய்ததாகத் தெரிந்தது. மாணவர்கள்மீது பிழை இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கிணறு. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லைக்கு இருபுறமும் அரை கிலோமீட்டருக்குள் இருந்த இரண்டு திறந்த கிணறுகளில் நீர்மட்டம் எப்போதும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் வேறுபட்டது. நிலத்தடி நீர் மேற்கே சரிகிறது என்று குறிப்பும் எழுதிவிட்டோம். பிறகு நேரில் போனோம். கேரளப் பக்கத்துத் தோட்டக்காரர், வயது எழுபது இருக்கும், நாடாவை வாங்கிப் பார்த்துவிட்டு, “கண்ணு, எதிலிருந்து அளக்கிறாய்? மண்ணிலிருந்தா, சுவரிலிருந்தா?” என்று கேட்டார். அங்கே கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தரை மட்டத்திலிருந்து. சுவரின் உயரம் 78 சென்டிமீட்டர். அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் “அளவைப் புள்ளி” என்ற கட்டமும் “சுவரின் உயரம்” என்ற கட்டமும் தனித்தனியாக இருக்கின்றன. விண்ணப்பத்தில் இந்த நிகழ்வை ஆறு வரியில் எழுதினோம். நிபுணர் குழு அதைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தது.

இந்த ஒரு மாத வேலையின் முடிவாக இரண்டு பொருள்கள் கையில் இருக்க வேண்டும்: இணைத்த ஒரு பக்க அட்டவணை, என்னென்ன பிழைகள் வந்தன என்ற பட்டியல். பின்னிணைப்பில் இரண்டையும் அப்படியே வைக்கலாம். உங்களால் முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறு கிடையாது.

4. எந்த முகமை என்று முடிவு செய்யுங்கள்

மாதிரி கையில் வந்தபின்தான் இதற்கு வர வேண்டும். முதலில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப வேலையைத் திரித்தால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

அடிப்படை ஆராய்ச்சிக் கேள்வி முன்னால் இருந்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை; 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இதில்தான் பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) சேர்ந்தது. இடம்சார் தரவும் வரைபடமும் மையமாக இருந்தால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் புவியிடத் திட்டம். சிறிய தொகையும் உள்ளூர்ப் பயனும் என்றால் மாநில மன்றங்கள்: கேரளத்தில் அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் மன்றம், தமிழ்நாட்டில் அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம். மாநில மன்றத்தின் நிதியை அடுத்த மாநிலத்தில் செலவழிக்க முடியுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். எல்லை வேலையில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

தகுதியையும் இங்கேயே சரிபாருங்கள். முதன்மை ஆய்வாளர் பொதுவாக நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். திட்டம் முடிவதற்குள் ஓய்வு பெறுகிறவர் என்றால் பணியில் தொடரும் இணை ஆய்வாளர் ஒருவர் தேவை. தொண்டு நிறுவனமாக இருந்தால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளப் பதிவு எண், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கடைசி வாரத்தில் தணிக்கையாளரைத் தேடி அலைந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தன் ஆய்வாளர்களுக்காக நடத்தும் தரவு ஒருங்கிணைப்புக் குழுமத்தின் முறை கவனிக்கத்தக்கது. அதன் நிதி அழைப்புகளில் முதலில் குறுகிய விருப்பக் குறிப்பு மட்டும் கேட்டார்கள்; குழும உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தவர்களே முழு விண்ணப்பம் எழுதினார்கள். ஒருவருடைய கருவியோ தரவோ பிறருக்கும் உதவுமா என்பதும் அங்கே பார்க்கப்பட்டது. நம் முகமை அப்படிக் கேட்காவிட்டாலும் நீங்களே இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, உங்கள் துறைக்கு வெளியே இருக்கும் ஐந்து பேரிடம் கொடுங்கள். “இது கிடைத்தால் நான் பயன்படுத்துவேன்” என்று மூன்று பேராவது சொல்லாவிட்டால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

5. கூட்டாளிகளிடம் வேலையைப் பிரித்து எழுதுங்கள்

கூட்டு என்ற சொல்லை எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த மாதம் எந்தக் கோப்பை யார் யாருக்கு அனுப்புவார் என்று எழுதுகிறவர்கள் மிகச் சிலர்.

எல்லைப் பகுதியில் கூட்டாளி நிறுவனங்கள் இரண்டு மாநிலத்திலும் ஒன்று வீதம் இருப்பது நல்லது. காரணம் எளிது: கேரள அலுவலகத்தில் மலையாளக் கோப்பைப் படித்து, அங்கே உள்ளவரோடு பேசிப் பழகக்கூடியவர் வேண்டும். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் பலருக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியும். அவர்களைத் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சுருக்காதீர்கள், தரவு உதவியாளராகவே நியமியுங்கள். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்புக்குப் பொருள் அவர்களுக்குத்தான் தெரியும்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் விலகும் வழியையும் எழுதுங்கள். ஒருவர் நடுவில் போய்விட்டால் அவர் திரட்டிய தரவும் எழுதிய நிரலும் திட்டத்திடமே இருக்கும் என்ற ஒரு வரி பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும்.

6. வரவு செலவைக் காலத்தோடு சேர்த்துப் போடுங்கள்

இனிப் படிவத்தைத் திறக்கலாம். முதல் பக்கத்தை விட்டுவிட்டு, கால அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். ஒப்புதல் எந்த மாதம் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. தென்மேற்குப் பருவமழையோ ஜூனில் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில். ஜூனுக்குள் கருவி பொருத்துவோம் என்று எழுதி ஆகஸ்டில் பணம் கிடைத்தால் முதல் ஆண்டு போய்விட்டது என்று பொருள். எனவே இரண்டு அட்டவணை வையுங்கள்: மழைக்கு முன் பணம் வந்தால், மழைக்குப் பின் வந்தால். பின்னால் வந்தால் பழைய பதிவேடுகளை எண்மயமாக்கும் வேலையை முன்னுக்குக் கொண்டுவருவோம் என்று எழுதுங்கள்.

செலவில் மூலதனம், பொதுச் செலவு என்று இரண்டு தலைப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உங்கள் விருப்பம்போல் மாற்ற முடியாது. எழுத்தில் முன் அனுமதி வேண்டும். புதியவர்கள் பெரும்பகுதியைக் கருவிகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். தரவு இணைப்பு வேலையில் செலவு மனித உழைப்பில்தான். பதிவேட்டைப் படிக்க, தட்டச்சு செய்ய, சரிபார்க்க, கிணற்றுக்குப் போய் வர ஆட்கள் வேண்டும். இளநிலை ஆராய்ச்சி மாணவரின் (ஜே.ஆர்.எஃப்.) உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அந்தப் படியைக் கணக்கில் விட்டுவிட்டு ஆண்டு இறுதியில் திண்டாடியவர்கள் உண்டு.

தானியங்கி நீர்மட்டமானி வாங்கினால் அதன் பராமரிப்பையும், தென்னந்தோப்பில் காய் விழுந்து உடைந்தால் மாற்றுவதையும், சிம் கார்டுக் கட்டணத்தையும் பொதுச் செலவில் போடுங்கள். திட்டம் முடிந்தபின் தரவேடு எங்கே இருக்கும், அதன் சேமிப்பகக் கட்டணத்தை யார் கட்டுவார் என்பதற்கும் ஒரு வரி தேவை. இந்த வரி இல்லாத திட்டங்களின் இணையதளங்கள் இரண்டாம் ஆண்டிலேயே மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தரவு கொடுத்த உழவர்களிடம் மறுபடி போய்க் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

7. தரவுத் திட்டத்தில் மனிதரைக் காப்பாற்றுங்கள்

2012-ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, பொதுப் பணத்தில் திரட்டிய தரவு பொதுவுக்கு என்கிறது. அதே சமயம் கிணற்றின் சரியான இடமும் உழவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால் அது தனிமனிதத் தரவு. 2023-இன் எண்மத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் நெடுநாளாகக் கவலைக்கு உரியதாக இருக்கிறது. யார் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்ற செய்தி நில விலையையும் அண்டை வீட்டு உறவையும் பாதிக்கும்.

எனவே இரண்டு கோப்பு வையுங்கள். வெளியிடும் கோப்பில் கிராம எண்ணும் நீர்மட்டமும் இருந்தால் போதும். பெயரும் இடமும் உள்ள கோப்பு பூட்டிய இடத்தில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். ஆதார் எண்ணை வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை. சம்மதப் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

8. நிபுணர் குழு முன் பேசும்போது

பத்து நிமிடம்தான் கிடைக்கும். முதல் படத்தில் கேள்வி, இரண்டாவதில் மாதிரி மாத அட்டவணை, மூன்றாவதில் பிழைப் பட்டியல். நிறுவனத்தின் பெருமையைச் சொல்ல நேரம் இல்லை. அது அவர்கள் கையில் உள்ள தாளிலேயே இருக்கிறது.

“இரண்டு மாநிலமும் நீருக்காக வழக்காடும்போது உங்களுக்கு எப்படித் தரவு கிடைக்கும்?” என்ற கேள்வி வரும். பங்கீடு பற்றி உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். சம்மதக் கடிதங்களை எடுத்துக் காட்டுங்கள். ஒரு துறை பின்வாங்கினால் எந்தப் பொதுத் தரவை வைத்து எந்த அளவு வேலை முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

9. பணம் வந்த பின்

ஒப்புதல் ஆணை வந்த அன்றே மூன்று முறை படியுங்கள். தொடக்க நாள், தலைப்புவாரித் தொகை, நிபந்தனைகள் ஆகியவை விண்ணப்பத்தில் எழுதியபடியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். தொகை குறைந்திருந்தால் வேலையையும் குறைத்துக் கடிதம் எழுதுங்கள். மௌனமாக ஏற்றால் முழு வேலைக்கும் நீங்கள் பொறுப்பு.

பணத்தை நிறுவனத்தின் மற்ற வரவுகளோடு கலக்காமல், ஆணை சொல்லும் கணக்கில் மட்டும் வையுங்கள். அதில் வரும் வட்டி உங்களுடையது அல்ல. அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் போக வேண்டும். இவை போகாமல் அடுத்த தவணை வராது. மார்ச் மாதம் வரை காத்திருந்தால் ரசீதுகள் கிடைக்காது. கிணறு அளக்கப் போன ஆட்டோவுக்குக் கொடுத்த நூறு ரூபாய்க்கும் அன்றே சீட்டு எழுதி, நாள், இடம், கிலோமீட்டர் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டாளி நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் போகிறதென்றால் அவர்களுடைய சான்றிதழும் தனியாக வேண்டும். அடுத்த மாநிலத்தில் இருப்பதால் தபாலும் தணிக்கையாளரின் நேரமும் சேர்ந்து தாமதமாகும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருவர் பஸ் ஏறிப் போய் நேரில் வாங்கி வருவதுதான் எங்கள் வழக்கம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில், போகிற வழியில் இறங்கி அந்த மாதத்துக் கிணற்று அளவையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.